அப்பாவை நிறுவிய முகவரி

எங்கள் தெருவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அப்பாக்களை, கணினி மென்பொருளைப் போல, மூல நிரலிலிருந்து புதிதாகத் தொகுத்துக்கொள்வது வழக்கம். பெருநகரங்களில் ஆயத்த அப்பாக்கள் கிடைக்கிறார்கள். கிரிக்கெட் வர்ணனை முதல் வாய்வுத் தொல்லை வரை எல்லாம் சேர்ந்தே வரும். எதையும் நீக்க முடியாது. நாமே தொகுத்தால் வேண்டியதற்கு மட்டும் டிக் அடிக்கலாம்.

எங்கள் அப்பா சங்கரலிங்கத்தின் முறை ஆனி மாதம் வந்தது. தங்கை மதிவதனி, கூட வேலை பார்க்கும் அருளானந்தைக் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு வருடமாகச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு வருடமாக மறுத்துக்கொண்டிருந்தார். அவர் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்பதில் அவளும் உறுதியாக இருந்தாள்.

அப்பாவைத் தொகுப்பு நிலையத்தில் ஒப்படைத்தோம். படிவத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். பிடிவாதம் என்ற வரியில் மதிவதனி 'வேண்டாம்' போட்டாள். இயந்திரம் பாதியில் நின்றது.

"முதுகெலும்பு பிடிவாதத்தை நம்பித்தாம்மா இருக்கு," என்றார் தொகுப்பாளர் கோதண்டம். "அதை எடுத்தா இது நிக்காது."

"அப்போ முதுகெலும்பையும் எடுத்துருங்க."

"எடுக்கலாம். அப்புறம் மடிச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

நான் வேண்டாம் என்றேன். கோதண்டம் ஒரு பழைய படிவத்தை எடுத்துப் போட்டார். "உங்க பக்கத்து வீட்டு பக்தவத்சலத்தோடது. போன மாசம் ஒரு பிழை இல்லாம முடிஞ்சுது. எல்லாத்துக்கும் தலையாட்டுறார், நிமிர்ந்தும் நடக்கிறார். அப்படியே பாத்து எழுதிக்கங்க."

மதிவதனி ஒரு வரி விடாமல் எழுதினாள். ஏழாவது வரி, நிறுவ வேண்டிய முகவரி. எங்கள் வீடு பதினாறு. அவள் பதினான்கு என்று எழுதினாள்.

அப்பா நிமிர்ந்து நடந்தார். எங்கள் வாசலைத் தாண்டிப் பதினான்காம் எண் வீட்டுக்குள் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தார். பக்தவத்சலம் தலையாட்டிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவர் மனைவி மரகதம் அத்தை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னடா இளங்கோ, உங்கப்பா இங்க வந்து காபி கேக்குறாரு?"

"அங்க நிறுவிட்டாங்க அத்தை."

"அப்படியா. சர்க்கரை போடலாமா?"

"அது முப்பத்தொண்ணாம் வரி. இப்போ உங்க வீட்டு அளவுதான்."

ஐந்தாண்டுக்கு எதையும் மாற்ற முடியாது. சாயங்காலம் மதிவதனி அந்த வீட்டு வாசலில் போய் நின்று கல்யாண விஷயத்தைச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுதானே நீ?" என்றார் அப்பா.

"ஆமா மாமா."

"மனசுக்குப் பிடிச்சவனக் கட்டிக்கோம்மா. இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா? உங்கப்பன் எதுக்குக் குறுக்க நிக்கிறான்? வா, நானே வந்து பேசுறேன்."

வந்தார். அப்பாவின் காலி ஈசிசேருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். ஒரு கட்டத்தில் குரல் உயர்ந்தது. கடைசியில் ஈசிசேர் சம்மதித்தது. ஆடி கழியட்டும் என்று மட்டும் சொன்னது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் சொல்லிவைத்தேன்.