வெப்ப மூலங்களும் ஒரு கேத்தலும்

துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருக்கும் கடலலை ஆய்வு நிலையத்தில் ஒரு கணினி இருந்தது. ஒரே இரும்பு அலுமாரிக்குள் அதற்குப் பதினாறு மூளைகள். பணிப்பாளர் பேராசிரியர் சிவகுருநாதன் தன்னுடையதையும் சேர்த்துப் பதினேழு என்பார். மற்றவர்கள் அந்தக் கணக்கில் தலையிடுவதில்லை.

கணினியை எழுப்பத் தெரிந்தவள் பொறியியலாளர் றிஷானா ஒருத்திதான். மின்சாரம் போய்வந்தால் அவளுக்கு அழைப்பு வரும். அடுத்த ஞாயிறு தோப்பூரில் அவளுக்குக் கலியாணம்.

"மருதோண்டிக் கையோட வந்து சுவிட்ச் போட ஏலாது, சேர்" என்று லீவு கேட்டாள்.

"அப்ப ஒரு கையேடு எழுதுங்கோ, பிள்ளை. அதை மட்டும் பார்த்து வேற ஓராள் மெஷினை எழுப்பவேணும். நீங்கள் பக்கத்தில நிண்டாலும் வாய் திறக்கக்கூடாது. எழும்பினால் லீவு. எழும்பாட்டிக் கலியாணத்தைத் தள்ளிப் போடுங்கோ."

றிஷானா எழுதினாள்: 'முதலில் குசினிக்குப் போய்த் தண்ணி கொதிக்கிற கரண்ட் கேத்தலை நிப்பாட்டு. அதுவும் கணினியும் ஒரே லைன். சேர்ந்து ஓடினால் மெயின் சுவிட்ச் விழும். பிறகு மூளைகளை ஒவ்வொன்றாக எழுப்பு. பதினாறுக்கும் நினைவகம் ஒன்றுதான். கலியாண வீட்டுச் சஹனில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற மாதிரி. தட்டு ஒன்று, அவரவர் கை அவரவர் பக்கம்.'

சிவகுருநாதன் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"பல்செயலி முறைமையின்ர ஆவணத்தில கேத்தலோ? சோத்துத் தட்டோ?"

சஹன், 'பொது வள நுகர்வு ஒழுங்கு' ஆனது. கேத்தல் ஒரு முழு வசனமாக வளர்ந்தது: 'தொடக்கத்திற்கு முன்னர் அருகமை வெப்ப மூலங்கள் யாவும் தணிவுற்றிருத்தல் அவசியமாகும்.' முன்னால் பதினொரு பக்க முன்னுரையும் அவருடைய படமும் சேர்ந்தன. படத்தில் அவர் கணினியை உற்றுப் பார்க்கிறார். படம் எடுத்த நேரம் அது நின்று போயிருந்தது.

"வாசிக்கிற ஆளுக்கு இது விளங்குமா, சேர்?"

"விளங்கினால் அது என்ன ஆராய்ச்சி, பிள்ளை?"

பரீட்சை நாளில் கொழும்பிலிருந்து கலாநிதி ஹஸன் பார்வையிட வந்தார். பெரிய ஆள் முன்னால் சுவிட்ச் போடும் பாக்கியத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கப் பணிப்பாளருக்கு மனம் வரவில்லை. கையேட்டைத் தானே எடுத்தார். முன்னுரையை ருசித்து வாசித்தார். அடுத்த பக்கத்தில் வெப்ப மூலங்கள் வந்தன. ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். திருத்துவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பது நினைவுக்கு வரவில்லை. றிஷானாவைப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வெயிலில் வந்த ஹஸன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் பணிப்பாளரின் முகம் தெளிந்தது.

"கலாநிதி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள்தான் வெப்ப மூலம். மனுச உடம்பு சூடுதானே? எல்லாரும் வெளியில நில்லுங்கோ!"

"என்ட பொண்டாட்டி கூட என்னை இப்படிச் சொன்னதில்ல" என்றபடி ஹஸன் விறாந்தைக்குப் போனார்.

விருந்தாளியை வெளியேற்றிய குறை தீர, பணிப்பாளர் குசினியில் நின்ற நிலையத்து உதவியாளைப் பார்த்துக் கத்தினார்: "ஹஸ்மி! வெளியில நிக்கிற ஆக்களுக்குத் தேத்தண்ணி போடுங்கோ!"

றிஷானா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மூளை விழித்தது. இரண்டு, மூன்று, நான்கு. குசினியில் கேத்தலும் பாடத் தொடங்கியது. 'டக்'. எல்லாம் இருண்டது.

மெயினைப் போட்டுவிட்டுப் பணிப்பாளர் ஆழ்ந்து யோசித்தார். தானும் ஒரு வெப்ப மூலம் அல்லவா! வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கூட்டுகிற தும்புத்தடியை நீட்டிச் சுவிட்சை அமத்தினார். ஹஸ்மி பாதியில் நின்ற தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தான். 'டக்'.

ஹஸன் எட்டிப் பார்த்துக் கையேட்டை வாங்கி வெப்ப மூலங்கள் வந்த பக்கத்தை வாசித்தார். "பேராசிரியர், இந்த வசனம் ஆர் எழுதினது?"

"நான்தான்."

"இதுக்கு முதல் என்ன இருந்தது?"

தும்புத்தடி மெல்லக் கீழே இறங்கியது. "...கேத்தல்."

"கேக்கல்ல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"கேத்தலை நிப்பாட்டு!"

"நிப்பாட்டிட்டன், சேர்!" என்றது குசினி.

மெயினைத் திரும்பப் போட்டதும் பதினாறு மூளைகளும் வரிசையாக விழித்தன. திரையில் துறைமுகத்து அலைகள் பச்சையாய் எழும்பின. விறாந்தையில் நின்ற வெப்ப மூலங்கள் கைதட்டின.

"இப்ப வாய் திறக்கலாமா, சேர்?"

"திறவுங்கோ."

"லீவு, சேர்."

ஹஸன் சிரித்து முடித்த பிறகு பழைய வசனங்களைத் திரும்பப் போடச் சொன்னார். முன்னுரையை வைத்திருக்கலாம், ஆனால் கடைசியில் வரட்டும் என்றார்.

ஞாயிறு விடிய மின்சாரம் போய் வந்தது. தோப்பூருக்கு அழைப்புப் போகவில்லை. றிஷானாவின் கையேட்டைப் பார்த்துச் சிவகுருநாதன் தானே கணினியை எழுப்பினார். பிறகு கலியாணத்துக்குப் புறப்பட்டார். தான் இல்லாத நேரம் யாராவது தேத்தண்ணி போட்டால்? எவரையும் நம்பாமல் கேத்தலை ஒரு பைக்குள் போட்டுத் தன்னோடு கொண்டுபோனார்.

வாசலில் மணப்பெண்ணின் உம்மா ரபீக்கா எதிர்கொண்டார். "ஐயோ சேர், பரிசெல்லாம் எதுக்கு!" என்று பையை வாங்கி உள்ளே கொண்டுபோனார். பணிப்பாளர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். சஹனில் ஹஸ்மிக்குப் பக்கத்தில் இருந்து, தன் பக்கத்துச் சோற்றை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அந்தக் கிழமை முழுவதும் நிலையத்தில் ஒருவருக்கும் தேத்தண்ணி கிடைக்கவில்லை. மெயின் ஒருமுறைகூட விழவில்லை.