அந்த அறையில் சொன்னது

“இந்தக் கம்மலை யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் என் காதைத் தொட விடமாட்டேன்.”

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா பெண் காதில் கம்மல் மாட்டிவிட்டால் நிச்சயதார்த்தம் முடிந்தது. அதுவரை வாயைத் திறக்காதே, முக்கியமாகக் கேள்வி கேட்காதே என்று சைரா அத்தை காலையிலிருந்து பாடம் நடத்தியிருந்தாள். எங்கள் மலையூர் நரீனிலிருந்து வரும் சாலையைப் பனி மூடிவிட்டதால் அம்மாவால் வர முடியவில்லை. தலைநகர் பிஷ்கேக்கில் அத்தை வீட்டில்தான் எல்லாம். என் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கேள்வி கேட்காமல் இருக்கவா அவ்வளவு படித்தேன்?

“படிச்ச திமிரு,” என்று அத்தை பல்லைக் கடித்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. குளிர்ல மூளை உறைஞ்சுபோச்சு இவளுக்கு.”

மாப்பிள்ளை உலாரின் அம்மா கம்மலும் கையுமாக நின்றாள். வெள்ளி அரைநிலா, நுனியில் ஒற்றைப் பவளம். என் அம்மா போட்டிருந்ததும் இதே மாதிரிதான். என்னைப் படிக்க அனுப்ப அதை விற்றுவிட்டு, ஆற்றில் விழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். உண்மை எனக்குத் தெரியும். நான் அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

உலாரோடு மூன்று மாதப் பழக்கம். எந்தக் கடைக்குப் போனாலும் கதவைப் பார்த்த இருக்கையை எனக்கு விட்டுவிடுவான். சாத்திய கதவு எனக்குப் பயம்; அவன் அறைக் கதவை ஒருபோதும் சாத்த மாட்டான். என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்படி ஒருத்தன் எங்கே வளர்ந்தான் என்று வியந்துகொண்டே இருந்தேன். வியப்பு இன்றைக்குத்தான் வாயைத் திறந்தது.

“எங்க அக்காதான் தேர்ந்தெடுத்தா,” என்றான் உலார். “கீழ காரை நிறுத்திட்டு வரா.”

கதவு திறந்தது. தொப்பியிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தவள் ரஹத்.

இரண்டரை வருஷத்துக்கு முன்பு வரை, பல்கலைக்கழகத்தில், ஒவ்வொரு வியாழனும் நான் எதிரே உட்கார்ந்து அழுத மனநல ஆலோசகர். முதல் நாள் நான் பழக்கத்தில் ‘அக்கா’ என்றபோது தடுத்தாள். “இந்த அறைல நான் உனக்கு அக்கா இல்ல பெர்மெத். சொந்தக்காரியா இருந்தா நீ எங்கிட்ட உண்மை பேச மாட்டே.” அதற்காகவே அவளை நம்பினேன்.

இப்போது இரு கைகளையும் விரித்தாள். “இனிமே தாராளமா அக்கான்னு கூப்பிடலாம்டீ!”

“அக்காவுக்கு ஆபீஸ் வேலைன்னு சொன்னியே உலார்?”

“அவதான் அப்படிச் சொல்லச் சொன்னா.”

ரஹத்தின் முகம் லேசாகச் சிவந்தது. “நீ எங்கிட்ட வர்றத நிறுத்தி ரெண்டரை வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் விலகி இருக்கணும்னு எங்க தொழில்ல விதி. இருந்தேன். நல்ல பொண்ணு, நல்ல பையன். சேர்த்து வெச்சா புண்ணியம்தானே?”

“ரெண்டு வருஷம் போனா நான் சொன்னதெல்லாம் உங்க குடும்பச் சொத்தா?”

“பெர்மெத்! மரியாதையாப் பேசு,” என்றாள் அத்தை. “எதைச் சொன்ன நீ?”

உலார் பக்கம் திரும்பினேன். கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. இவனில் எவ்வளவு இவன், எவ்வளவு அவள்?

“கதவு விஷயம்?”

உலார் தலையாட்டினான். “அக்கா சொன்னா.”

“அப்பா பேச்சை எடுக்காதது?”

“அதுவும்தான்.”

“நீயாக் கண்டுபிடிச்சது ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“மந்திக் கொழுக்கட்டை சாப்பிடுறப்ப மேல் மாவை முதல்ல தின்னுடுவ. உள்ள இருக்கற கறியைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சு, யாராவது பிடுங்கிடுவாங்கங்கற மாதிரி பாத்துக்கிட்டே இருப்ப. அதை யாரும் சொல்லல.”

அது எனக்கே தெரியாத விஷயம். நெஞ்சு இளகியது, பொய் சொல்ல மாட்டேன்.

“அதை மட்டும் வெச்சுக்கிட்டு நீ ஆரம்பிச்சிருக்கலாம் உலார்.”

“நான் உன் நல்லதுக்குத்தான்...” என்று ரஹத் என் தோளைத் தொட வந்தாள்.

“இந்த வியாழக்கிழமை அந்த நாற்காலில யார் வந்து உக்காருவா? அவளுக்கும் ஒரு தம்பி பாத்து வெச்சிருக்கீங்களா?”

கை பாதி வழியிலேயே நின்றது.

உலாரின் அம்மா கம்மலைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். “கம்மல் நல்லாத்தானே இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் பிரச்சினை.”

‘அக்கான்னு கூப்பிடலாம்’ என்று அவள் கையை விரித்தாளே, அப்போதே முடிவெடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் தெரிந்துகொள்ளக் கேட்டவை. பல்கலைக்கழக ஆலோசகர்களுக்கு மேலே பொறுப்பாளர் ஒருத்தர் உண்டு; புகார் அவரிடம்தான். அவர் அலுவலகம் சாயங்காலம் வரை திறந்திருக்கும். காலணிக்குள் காலைத் திணித்தேன்.

“ரொட்டியை வாயில வெக்காம வாசல் தாண்டினா ஆகாதுடீ, பாவி!” அத்தை அலறினாள்.

திரும்பி வந்தேன். விருந்துக்கு விரித்திருந்த துணியின் மேலிருந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, மென்றுகொண்டே வெளியே வந்தேன். பின்னால் உலார் எனக்காகக் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்து இழுத்து, நானே சாத்திவிட்டு இறங்கினேன்.