குறுக்கே ஒரு துளை

குன்றிலிருந்து வந்த கோர் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கும்போதே, துளையிடும் ரிக் இயந்திரத்து ஆட்கள் விசிலடித்தார்கள். துளைபோட்டு எடுத்த கல்தண்டுகள் பெட்டிகளுக்குள் வரிசையாகப் படுத்து வெயிலில் பளபளத்தன. பித்தளை மஞ்சளில் செம்புத் தாது, தேன் நிறத்தில் துத்தநாகத் தாது, உடைந்த கண்ணாடிபோல் மின்னும் ஈயத் தாது, அந்த ஈயத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி. ஒரே கல்லில் நாலு உலோகம். அதுவும் கையளவு இல்லை. துளையில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு இதே கல்தான்.

"லென்ஸ் அக்கா, இன்னிக்கு எல்லாருக்கும் டீ நீங்கதான்!" என்றார் ரிக் மேஸ்திரி.

கம்பெனியின் புவியியலாளர் அவள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைத் தாலிபோல எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். கல்யாணம் ஆகாதவள் என்பதால் அந்தக் கயிற்றை வைத்து ஊரில் கேலியும் உண்டு. அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சிரித்துக்கொண்டேதான் முதல் பெட்டியின் முன்னால் குந்தினாள். குவளைத் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினாள். ஈரம் பட்டதும் தாதுவின் வரிகள் துலங்கின. சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த பெட்டிக்குப் போனாள். அதற்கடுத்ததுக்குப் போனாள். எல்லாவற்றிலும் அதே கதைதான். வரிகள் தண்டுக்குக் குறுக்காக ஓடவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நீளவாக்கில் ஓடின.

"என்னக்கா, முகம் செத்துப் போச்சு?" என்றார் மேஸ்திரி.

"தாதுப் பலகையக் குறுக்கால துளைக்கலண்ணே. பலகைக்குள்ளேயே இறங்கிப் போயிருக்கோம்."

அந்தக் குன்றின் கதை பழையது. உச்சியில் பாறை பச்சை பூத்துக் கிடந்ததைப் பார்த்து, பெயர் தெரியாத யாரோ அந்தக் காலத்திலேயே செம்புக்காகக் குடைந்திருந்தார்கள். ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு பொந்து இன்னும் இருக்கிறது. பிறகு ஈயம் தேடி ஒரு கம்பெனி வந்தது. துளைகள் போட்டது, ஒன்றும் கிடைக்காமல் மூட்டை கட்டியது. அதன்பின் வந்த இன்னொரு கம்பெனியும் அதையே செய்து, அதே மாதிரி கிளம்பிப் போனது. இரண்டு கம்பெனியும் ரிக்கை நிறுத்தியது சாலைப் பக்கத்தில். காரணம் வேறொன்றும் இல்லை, அங்கேதான் சாலை இருந்தது. மறுபக்கம் ஓடைப் பள்ளம், வண்டி இறங்காது.

ஆனால் தாது, பூமிக்குள் ஒரு பலகைபோல, உச்சியிலிருந்து ஓடைப் பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. சாலையிலிருந்து போட்ட துளைகளும் அதே சாய்வில் இறங்கின. பலகைக்கு அடியிலேயே, அதைத் தொடாமல், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி கூடவே நடந்துபோய் வெறுங்கையோடு திரும்பின. லென்ஸ் அக்கா வந்து குன்றை மூலை முடுக்கெல்லாம் அளந்து இதைக் கண்டுபிடித்தாள். ஓடைப் பக்கம் ஒரு பாதை வெட்டி, எதிர்ப்பக்கமிருந்து பலகையைக் குறுக்காகத் துளைக்கச் சொன்னாள். அவளுடைய கம்பெனியின் எம்.டி. கேட்கவில்லை. இருக்கிற சாலையையே உச்சி வரைக்கும் இழுத்து, பச்சைப் பாறைக்குப் பக்கத்தில் ரிக்கை நிறுத்தச் சொன்னார். இந்தத் தடவை துளை பலகைக்கு அடியில் போகவில்லை, உள்ளேயே இறங்கிவிட்டது.

மறுநாள் எம்.டி. வந்தார். கள அலுவலகம் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மேசை, சுவரில் குன்றின் வரைபடம், மூலையில் சேறு காய்ந்த பூட்ஸ்கள். எம்.டி. உட்காரக்கூட இல்லை.

"அறிவிப்பு ரெடி. நாற்பது மீட்டர் தடிமன்ல பல உலோகத் தாது. பதிவு பெற்ற புவியியலாளர் கையெழுத்து இல்லாம வெளியிட முடியாது. போட்டுக் குடும்மா."

"நாற்பது மீட்டர் நீளம் சார். தடிமன் இல்ல. வரி ஓடுற கோணத்தப் பாத்தா தடிமன் நாலு தாண்டாது."

"கல்லு வந்திருக்கா இல்லியா? நாற்பது மீட்டர் வந்திருக்கு. இதுல பொய் எங்க இருக்கு?"

"ஒரு கதவ மேலேருந்து கீழ வரைக்கும் துளைச்சிட்டு, இந்தக் கதவு ஆறடி தடிமன்னு சொன்னா நீங்க வாங்குவீங்களா சார்?"

அவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "பாரு, நீ நல்ல பொண்ணு. திறமைசாலி. முதலீட்டாளருங்க நாளைக்கு வர்றாங்க. இவ்ளோ நாள் நாம பட்ட பாட்டுக்கு விடிவு வந்திருக்கு. ஒரு கையெழுத்து."

"முடியாது சார்."

"வேற ஆளு போடுவான்."

"போடட்டும். ஆனா அவரும் வந்து கல்லப் பாத்துட்டுத்தான் போடணும். பாத்தா அவரும் போட மாட்டார்."

எம்.டி.யின் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. சுவரிலிருந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாதாரணக் குரலில் சொன்னார்: "மொத்தக் கோரையும் லேபுக்கு அனுப்பிடு. முழுசா. காலையில லாரி வரும்."

தண்டை நீளவாக்கில் அறுத்துப் பாதியைத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். யார் வேண்டுமானாலும் பிறகு வந்து பார்க்கலாம். முழுவதையும் அனுப்பினால் லேபில் அரைத்து மாவாக்கிவிடுவார்கள். மாவில் வரி தெரியாது.

அவள் வெளியே வந்தாள். நேராகக் கடைத்தெருவுக்குப் போய், இருப்பதிலேயே கனமான பூட்டைக் கேட்டு வாங்கினாள். கோர் பெட்டிகளை அடுக்கியிருந்த கொட்டகைக் கதவில் அதைப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீடு என்பது அவளுடைய அக்கா வீடு. அக்கா புருஷன் அந்த ஊரில் லாட்ஜ் வைத்திருந்தார். சுரங்கம் வரப்போகிறது என்று நம்பி மாடியில் புதிதாக அறைகள் எழுப்பிக்கொண்டிருந்தார். சிமெண்ட் மூட்டைகள் வரவேற்பறை வரைக்கும் வந்துவிட்டன. அவளுக்கு முன்னாலேயே சேதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, எல்லாரும் சொல்றது நெசமா?" அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஊருக்கே ஒரு நல்ல காலம் வருது. நீ குறுக்க விழுந்து கெடுக்குறியாமே?"

"துளைதான் அத்தான் குறுக்க விழல. அதான் பிரச்சினையே."

"எனக்கு இந்த நக்கலெல்லாம் வேணாம். ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சு போச்சு உனக்கு? ஊர்ல எத்தன பேரு இத நம்பி இருக்கான் தெரியுமா?"

"அவங்க நம்புறதாலதான் போட மாட்டேங்குறேன். நாற்பதுன்னு நம்பி நீங்க இன்னொரு மாடி கட்டுவீங்க. அப்புறம் இவங்களும் மூட்டை கட்டுவாங்க. அப்ப என் முகத்த எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்?"

"அப்படின்னா உன் முகத்துக்காக நாங்க தெருவுல நிக்கணுமா? என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் வயித்துலயே அடிக்குற!"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளே போய்த் துணிமணிகளைப் பையில் அடைத்தாள். அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"கொட்டகைக்கு. இனிமே இந்த வீட்டுச் சோறு வேணாம்."

"ஆமா, பெரிய இவ. ஊரையே பகைச்சுக்கிட்டுத் தகரக் கொட்டகையில போய் உக்காரப் போறாளாம். சின்ன வயசுலேருந்தே இந்தத் திமிருதான். அவரு சொல்றதுல என்ன தப்பு?" அக்கா பையைப் பிடுங்கினாள். துணியை மடிக்கத் தெரியாதவள் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி ஒழுங்காக மடித்து வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நிச்சயமா நாலுதானா?"

"நிச்சயமா."

அக்கா பையை அவள் தோளில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. அவள் பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சாவி கேட்டார். கிடையாது என்றாள். எம்.டி.யின் காரியதரிசி வந்து மிரட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, பூட்ட உடைக்கச் சொல்லி என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"உடைங்கண்ணே. நான் கதவு முன்னால இருந்து எந்திரிக்க மாட்டேன். அவ்ளோதான்."

மேஸ்திரி கையிலிருந்த கடப்பாறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்கு முதுகு வலி," என்று அறிவித்துவிட்டு லாரி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது டிபன் கேரியரோடு அக்கா வந்தாள். பின்னால் லாட்ஜ் வேலையாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா அதைத் தங்கை பக்கத்தில் போடச் சொல்லி, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தான்?"

"கத்திட்டு இருக்காரு. கத்தட்டும். நீ சாப்பிடு. பசியோட சண்ட போட்டா ஜெயிக்க முடியாது."

முதலீட்டாளர்கள் வரும்போது லாரி போயிருக்கவேண்டும் என்பதுதான் எம்.டி.யின் திட்டம். கார்கள் வந்து நின்றபோது லாரி காலியாக நின்றது. கதவுக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எம்.டி. முன்னால் ஓடிவந்தார். "சின்ன நிர்வாகப் பிரச்சினை. நாம ஆபீசுக்குப் போயிடலாம். போட்டோ எல்லாம் ரெடியா இருக்கு."

வந்தவர்களில் ஒரு அம்மாள் மட்டும் நகரவில்லை. வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். ரொம்ப காலம் நூல் ஆலை நடத்தியவர் என்று லென்ஸ் அக்கா கேள்விப்பட்டிருந்தாள்.

"இவ்ளோ தூரம் போட்டோ பாக்கவா வந்தேன்? கல்லு உள்ளதானே இருக்கு?"

லென்ஸ் அக்கா எழுந்து பூட்டைத் திறந்தாள்.

கொட்டகைக்குள் பெட்டிகள் மேடைமேல் வரிசையாக இருந்தன. அவள் குவளையில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு பெட்டியின்மேலும் ஊற்றிக்கொண்டே போனாள். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆலை அம்மாள் ஒரு தண்டைத் தூக்கி, வரியின்மேல் விரலை ஓட்டினார்.

"இது தறியில பாவு நூல் ஓடுற மாதிரி இல்ல ஓடுது? நீளத்துக்கு?"

"ஆமாம்மா. நீங்க பாக்குறது துணியோட நீளம். அகலம் எவ்வளவுன்னு இந்தத் துளை சொல்லாது. என் கணக்குல பத்துல ஒரு பங்கு."

"அந்தப் பொண்ணுக்கு வேலைப் பளு. ராத்திரி தூக்கமில்ல, அதான் என்னென்னவோ..." என்று எம்.டி. ஆரம்பித்தார்.

"நல்லாத் தூங்கினேன் சார்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "தாது இருக்கு. நல்ல தாது. இல்லேன்னு நான் ஒரு நாளும் சொல்லல. எவ்வளவு இருக்குன்னு தெரியணும்னா ஓடைப் பக்கம் பாதை வெட்டுங்க, குறுக்க ஒரு துளை போடுங்க. வர்றத நான் எழுதுறேன். அதுவரைக்கும் நாற்பதுங்குற காகிதத்துல என் பேரு இருக்காது."

"உனக்கு இனிமே இங்க வேலை இல்ல," என்றார் எம்.டி.

"சரி. ஆனா கல்லுல கை வைக்கக் கூடாது."

அறிவிப்பு வெளியாகவில்லை. அன்றே அவள் வேலையும் போனது.

அடுத்து வந்த வாரங்கள் எளிதாக இல்லை. கடைத்தெருவில் அவள் நடந்தால் பேச்சு நின்றது. "நல்லா வந்த சாமிய வாசல்லயே வெரட்டிவிட்டவ" என்று ஒருவன் காதுபடவே சொன்னான். அவள் ஓரமாக ஒதுங்கிப் போகவில்லை. தினமும் ஒரு தடவை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தெரு நடுவிலேயே நடந்து போய்விட்டு வந்தாள். இரும்புக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அக்கா இரண்டு நாளுக்கொரு தடவை வந்து, அறை குப்பையாக இருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

முதலீட்டாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். சிலர் விலகினார்கள். எம்.டி. தன் பங்கை விற்றுவிட்டு வேறு ஊரில் வேறு குன்றைத் தேடிப் போனார். மிஞ்சியவர்களை ஆலை அம்மாள் இழுத்துப் பிடித்து, ஓடைப் பக்கம் பாதை வெட்டவைத்தார். பிறகு ஒருநாள் இரும்புக்கடை மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து நின்றார்.

"துளை எந்த இடத்துல, எந்தச் சாய்வுலன்னு நீதான் காட்டணும். வருவியா?"

"வர்றேன். பழைய நிபந்தனைதான். வர்றதத்தான் எழுதுவேன்."

"தெரியும். அதுக்காகத்தான் படியேறி வந்தேன்."

ஓடைப் பக்கத்தில் ரிக்கை இறக்குவதற்குள் மேஸ்திரிக்கு நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது. துளை குன்றை நோக்கிச் சாய்ந்து இறங்கியது. சாம்பல் கல், சாம்பல் கல், மறுபடி சாம்பல் கல். ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். பலகை கீழே போகப்போக மெலிந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கலாம், அப்படியும் நடப்பது உண்டு. அப்படி ஆகியிருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பிற்பகலில் குழாயிலிருந்து தேன் நிறமும் பித்தளை மஞ்சளுமாகக் கல் வழுகி விழுந்தது. வரிகள் தண்டுக்குக் குறுக்கே, ஏணிப் படிகள்போல நின்றன. அவள் அந்த ஈரக்கல்லை உள்ளங்கையால் தடவினாள். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் அவள் மறைத்திருக்க மாட்டாள்.

கோணத்தைத் திருத்திக் கணக்குப் போட்டபோது தடிமன் நாலே கால் மீட்டர் வந்தது. லேபிலிருந்து வந்த முடிவில் துத்தநாகமும் வெள்ளியும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. சுரங்கம் தோண்டுவதற்கு அது மட்டும் போதாது. ஆனால் பலகை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, ஓடை நெடுக இன்னும் துளைகள் போடலாம். ரிக் ஆட்கள் அத்தானின் லாட்ஜில் தங்கினார்கள். மாடி அறைகளில் பாதிக்குக் கதவு இன்னும் வைக்கவில்லை. அவர் அவளிடம் பேசவில்லை என்றாலும், அவள் வரும்போது மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைக்க ஆரம்பித்திருந்தார்.

புதிய அறிவிப்பை லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். ஆலை அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நாலே காலுங்குறது கேக்க ஒரு மாதிரி இருக்கேம்மா. ஏறக்குறைய அஞ்சுன்னு போட்டா என்ன? உன்னயும் என்னயும் விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

லென்ஸ் அக்கா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஆரம்பிச்சுட்டா," என்றாள் உள்ளேயிருந்து அக்கா.

ஆலை அம்மாள் அவளைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்தார். அவளும் இமைக்காமல் பார்த்தாள். கடைசியில் அம்மாள் பெருமூச்சு விட்டு, தாளை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"சரி தாயே. நாலே கால்."

அவள் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.