சூனியக்காரி வீட்டுச் சேறு

“அந்தப் புதுப் பையன் இருக்கானே, ஓரின், அவனுக்கு எள்ளு ஆகாதாம். அவங்க அப்பா விட்டுட்டுப் போறப்ப சொன்னாரு. நல்லவேளை, நாம எள்ளு போட்ட பன் எதுவும் வாங்கல.”

ரஸ் இதைச் சொன்னபோது சமையலறைத் தொட்டியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். விருந்துக்குப் போட்ட வேஷம்: தலையில் சூனியக்காரியின் கூர்த்தொப்பி, முகமெல்லாம் பச்சைச் சாயம், இடுப்பில் மனைவி கிர்ஸ்டனின் பழைய கறுப்புப் பாவாடை. கிர்ஸ்டன் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். உள்ளே மேல்தட்டில், கடுகு பாட்டிலுக்குப் பின்னால், எள் விழுது பாட்டில் பாதி காலியாக இருந்தது.

மீதிப் பாதி சாப்பாட்டு மேசையில் இருந்தது, பச்சைக் கிண்ணத்தில்.

“ஆகாதுன்னா? வயித்துக்கா?”

“தொண்டை அடைச்சுக்குமாம். போன வருஷம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய், பிழைச்சதே பெரிசுன்னாரு. தொடையில குத்துற ஊசி ஒண்ணு மஞ்சப் பையில குடுத்திருக்காரு. கோட்டு மாட்டுற ஆணியில தொங்குது. ஏன் இப்படிப் பாக்குற?”

“சேத்துல எள்ளு இருக்கு, ரஸ்.”

“அது கீரைதானே?”

“கீரை, கொண்டைக்கடலை, எள்ளு விழுது.”

“என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.”

சொல்லவில்லைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கிர்ஸ்டன் மறைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை. மகள் டெல்லாவுக்கு ஏழு வயது. வெள்ளையாக இருந்தால்தான் வாயில் வைப்பாள். ரொட்டி, நூடுல்ஸ், சீஸ், விதிவிலக்காகச் சாக்லேட் கேக், அவ்வளவுதான். ரத்தத்தில் இரும்பு குறைகிறது, எப்படியாவது காய்கறி சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லைக் கிர்ஸ்டன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சீஸ் நூடுல்ஸில் பூசணி போனது. சாக்லேட் கேக்கில் பீட்ரூட் போனது. ஒருநாள் ரஸ் சாப்பாட்டு மேசையில் “பூசணி போட்டதே தெரியல” என்று உளறிவைக்க, டெல்லா அதோடு சீஸ் நூடுல்ஸையும் விட்டுவிட்டாள். ஓட்டைவாய்ப் புருஷனிடம் இனி எதுவும் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவள்தான்.

பிள்ளைகள் பேய் வேஷம் கட்டும் இந்த ஹாலோவீன் விருந்து அந்த இரண்டு வருடத் தந்திரத்துக்கெல்லாம் மகுடம். வீட்டில் ஒரு மிட்டாய் கிடையாது. முழுசாக வேகவைத்த காலிஃபிளவர், சவத்தின் மூளை. கேரட்டெல்லாம் செத்தவன் விரல், நுனியில் ஆலிவ் துண்டு நகம். பீட்ரூட்டும் ஆப்பிளும் அரைத்த சாறு, ரத்தம். அந்தக் கீரை விழுதுதான் சூனியக்காரி வீட்டுச் சேறு. கால்மணி நேரத்துக்கு முன்னால், டெல்லாவின் வகுப்புப் பிள்ளைகள் கேரட் விரலைச் சேற்றில் தோய்த்துக் கடித்ததைப் பார்த்து அவளுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. டெல்லா மட்டும் எதையும் தொடவில்லை. ஊரார் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தாவது தன் பிள்ளை சாப்பிடும் என்ற நினைப்பில், அப்போதும் அவள் தளரவில்லை.

“அவன் கேட்டான், கிர்ஸ்டன்.” ரஸ் குழாயை மூடினான். குரல் இறங்கியிருந்தது. “நான் தட்டை நீட்டினப்ப, இதுல என்ன இருக்குன்னு கேட்டான். மெதுவா, மரியாதையாத்தான் கேட்டான். நான்… தவளை ஈரல், பல்லி வால், சூனியக்காரி வீட்டுச் சேறுன்னேன். எல்லாப் பசங்களும் சிரிச்சுதுங்க. அவன் மறுபடி கேக்கல.”

“சாப்பிட்டானா?”

“தட்டு நிறைய வச்சுக் குடுத்தேன். அப்புறம் பாக்கல.”

“ஆள் எப்படி இருப்பான்?”

“வெள்ளைப் போர்வை. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. வண்டியிலயே மாட்டிக்கிட்டு வந்துட்டான். முகத்தை நான் பாக்கவே இல்ல.”

கிர்ஸ்டன் மஞ்சள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். “அவங்க அப்பாவுக்கு போன் அடி. நான் கத்தினா அந்த நிமிஷமே ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”

கொல்லைப்புறம் இருட்டிக்கொண்டு வந்தது. வேலி ஓரம் பூசணி விளக்குகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைப் போர்வையாக மூன்று பேய் நின்றன. முதல் பேயின் போர்வையைத் தூக்கினாள். எதிர்வீட்டுப் பெண், முன்பல் இரண்டும் இல்லை. அடுத்ததைத் தூக்கினாள், மூன்றாவதையும் தூக்கினாள். தெரிந்த முகங்கள்.

“ஓரின் எங்க?”

ஒற்றைக்கண் கட்டிய கடற்கொள்ளைக்காரன் ஒருவன் அலுப்போடு சொன்னான். “கல்லறைப் பேய் ஆடுறோம், டெல்லா அம்மா. அவன்தான் பேய். ஒளிஞ்சிருக்கான். நாங்க மணி எண்ணிக்கிட்டு இருக்கோம், நீங்க வந்து குழப்பிட்டீங்க.”

அவளும் சின்ன வயதில் இதே விஸ்கான்சின் குளிரில் ஆடிய ஆட்டம்தான். ஒருவர் பேயாகி இருட்டில் ஒளிய வேண்டும். மற்றவர்கள் ‘ஒரு மணி, ரெண்டு மணி’ என்று நள்ளிரவு பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுத் தேட வேண்டும். கூப்பிட்டால் பேசக் கூடாது, கிட்டே வந்தால் அசையக் கூடாது. நல்ல பேய் மூச்சுக்கூட விடாது என்று அவள் அண்ணன் சொல்வான்.

“ஓரின்,” என்று கத்தினாள். “ஆட்டம் முடிஞ்சுது. வெளிய வாடா ராஜா. எங்க இருந்தாலும் வா.”

பதில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாய் மட்டும் குரைத்தது.

“வராதடா,” என்று கொள்ளைக்காரன் இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “சும்மா ஏமாத்துறாங்க. வெளிய வர வைக்கத்தான்.”

“ஏமாத்தலடா, நிஜமாத்தான் சொல்றேன்.”

“மூளைன்னு சொன்னீங்களே, அதையும் நிஜம்னுதான் சொன்னீங்க,” என்றது பல்லில்லாத பேய். எல்லோரும் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். கிர்ஸ்டனுக்கு அந்தக் குழந்தையை அறையலாம் போலிருந்தது. அடுத்த நொடியே அழுகை வந்தது.

“அவன் சேறு சாப்பிட்டானா? அதை மட்டும் சொல்லுங்க. யாராவது பாத்தீங்களா?”

“நாங்க எல்லாருமே சாப்பிட்டோம்,” என்றான் கொள்ளைக்காரன் பெருமையாக. “அவன் தட்டுலதான் ரொம்ப இருந்துச்சு.”

படியோரம் அவள் காலில் ஒரு காகிதத் தட்டு மிதிபட்டது. எடுத்துப் பார்த்தாள். பச்சை தீற்றியிருந்தது, மற்றபடி காலி.

அதற்குப் பிறகு அவள் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கருவிக்கொட்டகைக் கதவைத் திறந்து இருட்டைக் கையால் துழாவினாள். காருக்கு அடியில் குனிந்தாள். சருகுக் குவியலைக் காலால் கலைத்தாள். இவ்வளவு நேரத்துக்குள் தொண்டை எவ்வளவு அடைத்திருக்கும், கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் பேச முடியாமல் கிடக்கிறானா, அல்லது இன்னும் ஆட்டம் என்றே நினைத்துக்கொண்டு மூச்சுத் திணறலை அடக்கிக்கொண்டிருக்கிறானா? யார் பெற்ற பிள்ளையோ. தன் பிள்ளைக்கு ஒரு வாய்க் கீரை போக வேண்டுமென்று, இன்னொருத்தர் பிள்ளையின் தட்டில் விஷத்தை வைத்துவிட்டோமே!

சமையலறை ஜன்னலிலிருந்து ரஸ் கத்தினான். “அவரு போனை எடுக்கல. ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?”

அவள் வாயைத் திறந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இருமல். விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

விறகுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடமில்லை. அவள் நுழைந்தாள். கை சிராய்த்தது. வெள்ளையாக ஒன்று குந்தியிருந்தது. போர்வையைப் பிடித்து இழுத்து, தன் செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடித்தாள். சின்ன முகம், கண்ணாடி போட்ட கண்கள். உதட்டிலும் வாயைச் சுற்றியும் சிவப்பு, மோவாய் வரை சிவப்பு.

பையைப் பல்லால் கிழித்து ஊசியை எடுத்தாள். அதன் மூடியைப் பிடுங்கினாள். பையனின் காலை மடியில் இழுத்துப் போட்டு, தொடைக்கு மேல் ஊசியை ஓங்கினாள்.

“அம்மா, அது பீட்ரூட்.”

டெல்லாவின் குரல். அவளும் அங்கேதான் இருந்தாள், பையனுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

“ரத்தம் குடிச்சான். வேற ஒண்ணும் இல்ல.”

கிர்ஸ்டன் ஊசியை இறக்கவில்லை. “தம்பி, என்னைப் பாரு. மூச்சு வருதா? நாக்கு தடிச்சிருக்கா? சேறு சாப்பிட்டியா?”

“இல்ல,” என்றான் ஓரின். தெளிவான குரல். “ரொட்டித் தூள் புரை ஏறிடுச்சு. இவதான் குடுத்தா.”

“இவன் தட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டு இருந்தான்,” என்றாள் டெல்லா. “ஏன்டா சாப்பிடலன்னு கேட்டேன். என்ன இருக்குன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்கன்னான். அதான் நான் சொன்னேன். கடுகு பாட்டிலுக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பியே, அதை நீ இதுல போட்டிருக்கன்னு. விதை படம் போட்ட பாட்டில். உடனே பயந்துட்டான். நான் அதை ரோஜாச் செடிக்குக் கீழ கொட்டிட்டேன்.”

“ரத்தத்துல என்ன இருக்குன்னு சொன்ன?”

“பீட்ரூட்டும் ஆப்பிளும். குடிக்கலாம்னேன். கேக்குலயும் பீட்ரூட் போடுவியே.”

“உனக்குத் தெரியுமா?”

“எப்பவோ தெரியும்.”

“தெரிஞ்சுமா சாப்பிட்ட?”

“கேக் நல்லாத்தான் இருக்கு.” டெல்லா அவளைப் பார்க்காமல் விறகுப் பட்டையை உரித்தாள். “இல்லன்னு பொய் சொல்றியே, அதுதான் பிடிக்கல.”

கிர்ஸ்டனுக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பையன் மூச்சு விடுவது காதில் விழ விழ, அவமானத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது. ஊசி பிடித்த கையைக் கீழே இறக்கினாள்.

“அந்த மூடியை மாட்டிடுங்க, டெல்லா அம்மா,” என்றான் ஓரின் அக்கறையாக. “விரல்ல குத்திடும்.”

ஓரினின் அப்பா வேட் சற்று நேரத்தில் வந்துவிட்டார். வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தார். “மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. என்ன ஆச்சு?”

ஓரின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். சேற்றுக் கிண்ணம் ஏற்கெனவே குப்பைக்குப் போயாகிவிட்டது. ஒன்றுமில்லை, பையன் கொஞ்ச நேரம் கண்ணில் படவில்லை, அதுதான் கூப்பிட்டோம் என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை அது. ரஸ் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான் என்று கிர்ஸ்டனுக்குத் தெரிந்தது. டெல்லா கதவோரம் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் வைக்கிற ஒவ்வொரு தட்டையும் இதே பார்வைதான் பார்ப்பாள்.

“நான் செஞ்ச ஒண்ணுல எள்ளு இருந்துச்சு,” என்றாள் கிர்ஸ்டன். “உங்க பையன் என்ன இருக்குன்னு கேட்டிருக்கான். நாங்க விளையாட்டா எதையோ சொல்லிட்டோம். அவன் சாப்பிடல. ஆனா தட்டு நிறைய அவன் கையில குடுத்தோம்.”

வேட் மகனின் கழுத்தைத் தடவினார், சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார்.

“வாசல்லயே சொன்னேனே,” என்றார்.

“சொன்னீங்க. இவரு என்கிட்ட சொல்றதுக்குள்ள நேரமாயிடுச்சு. ஆனா அதுல என்ன இருக்குன்னு நான் இவருகிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது.”

“சாப்பிடாம எப்படித் தப்பிச்சான்?”

“அவ சொன்னா,” என்று ஓரின் டெல்லாவைக் காட்டினான். “கேட்டேன், சொன்னா.”

வேட் டெல்லாவை நெடுநேரம் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார். கிர்ஸ்டன் பக்கம் திரும்பாமலே மஞ்சள் பையையும் மகனையும் தூக்கிக்கொண்டு போனார். அவர் தோளுக்கு மேலிருந்து ஓரின் மட்டும் கை காட்டினான்.

மற்றப் பிள்ளைகளும் போன பிறகு, ரஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு மேசையைத் துடைத்தான். மூளை மட்டும் தட்டில் மீந்திருந்தது, ஒரு பக்கம் சுரண்டியபடி. டெல்லா நாற்காலியில் ஏறி நின்று அதைப் பார்த்தாள்.

“இது என்ன?”

“காலிஃபிளவர்.”

“மேல?”

“வெண்ணெய், உப்பு. கொஞ்சம் பூண்டு.”

“வேற?”

கிர்ஸ்டன் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “உள்ள இடுக்குல கேரட் அரைச்சு வச்சேன். தெரியாதுன்னு நினைச்சு.”

டெல்லா விரலால் ஒரு சின்னப் பூவைப் பிய்த்தாள். முகர்ந்தாள். ஒட்டியிருந்த கேரட்டை வழித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, மிச்சத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

“நல்லாவே இல்ல,” என்றாள்.

“சரி,” என்றாள் கிர்ஸ்டன்.

டெல்லா விழுங்கிவிட்டு இன்னொன்றைப் பிய்த்தாள்.