அவங்க பின்னாடி வர்றாங்க

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது அல்ல, காதில் விழுந்தது. ஒரு படகுத்துறையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், டிக்கெட் கொடுப்பவர் "தனியாவா?" என்று கேட்டார். "இல்ல, அவங்க பின்னாடி வர்றாங்க" என்றாள் அவள். பின்னால் நின்றது நான்தான். எனக்குப் பின்னால் யாருமில்லை.

அவள் யார், எங்கே போனாள் என்று தெரியாது. பேச்சுக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது வராது. (முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்பதற்குக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்ப்பவள் நான்.) வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படித்தது வேதியியல். ஆய்வகக் குறிப்பேட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி விட வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கேயும் அடித்தவை அப்படியே கிடக்கும்.

2

"நீலக் கடலின் நடுவே ஒரு மரகதத் துளியாய் அந்தத் தீவு—"

(தீவுக்குள் நிற்பவளுக்கு அது எப்படித் துளியாகத் தெரியும்?)

"வாழ்க்கையில் முதன்முறையாகச் சுதந்திரக் காற்றை அவள்—"

(அங்கே அடித்தது டீசல் வாடை.)

தாழ்ப்பாள் சரியாக விழாத அறை அது. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த வாளியை நகர்த்திவிட்டு, அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

3

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்பத் தெளிவா தெரியுதா?" என்று கேட்பாள். நாள் முழுக்கப் பேச்சு அவ்வளவுதான். விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். இரண்டு தீவுகள் முடிந்தன; இது மூன்றாவது. வந்த அன்று காலை பனி விலகியபோது, எதிர்க்கரைக்குப் பின்னால் ஒரு மலை நின்றது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓர் ஊர். அதன் தகரக் கூரைகள் வெயிலில் மினுங்கின. அங்கே போவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

போனில் அக்கா.

"ஏய் வாயில்லாப்பூச்சி, சாப்பிட்டியா?"

"ம்."

"யார்கூடயாவது பேசினியா?"

"ரூம்காரம்மா சாவி கேட்டாங்க. கொடுத்தேன்."

"அடேங்கப்பா, மேடைப் பேச்சுதான்! இங்க பாரு, நாம பேசிக்கிட்டது ஞாபகம் இருக்கில்ல? எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிச்சா, அடுத்த வண்டி பிடிச்சு நேரா வீட்டுக்கு. மலையும் கிடையாது, மடுவும் கிடையாது."

"ம்."

படகு அக்கரையைத் தொட்டதும் மலைக்கு ஒரு பேருந்து உண்டு. அன்றைக்கு அது ஒன்றுதான். அதைப் பிடித்தால் மலை, விட்டால் வீடு.

4

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் தலையை வெளியே நீட்டி, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தனியாவா?"

"இல்ல, அவங்க பின்னாடி வர்றாங்க."

(இங்கே 'அவங்க' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஒருவரா ஒரு கும்பலா என்றும் சொல்லாது. அதில் இருப்பது மரியாதை மட்டும்தான். கணக்கில் வரும் தெரியாத எண்ணைப் போல, கேட்பவர் தமக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. நானே நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன்.)

5

ஆட்கள் ஏறியாயிற்று. வெங்காய மூட்டைகளும் ஏறிவிட்டன. பிளாஸ்டிக் தாள் சுற்றிய புது மெத்தையோடு ஒருவர் ஏறினார். அக்கரையில் மகள் குடிபோகும் வீட்டுக்காம். படகு மட்டும் நகரவில்லை. படகோட்டி கயிற்றைக் கையில் பிடித்தபடி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா, உன் வீட்டுக்காரர்? சட்டை என்ன கலரு?"

"வீட்டுக்காரரா?" என்று துறையிலிருந்து டிக்கெட் அம்மாள் குறுக்கிட்டார். "வயசானவங்கய்யா. பாவம், பொண்ணு முன்னாடி ஓடி வந்து சொல்லுது, பாரு. முட்டிவலியாம்மா அவங்களுக்கு? பலகையில ஏற முடியாதில்ல? இரு, நாற்காலி கொண்டு வர்றேன். நாலு பேராத் தூக்கிடலாம்."

"நாலஞ்சு பேர் வர்றாங்கன்னுல்ல நான் நினைச்சேன்" என்றார் மெத்தைக்காரர். இடம் விடுவதற்காக மெத்தையை நிமிர்த்தி, கீழே சாயாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். அதனோடு நடனமாடப் போகிறவர் போலிருந்தது.

ஒரே வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

6

இந்த இடத்தில் வெகுநாள் நின்றுவிட்டேன்.

ஓர் இளைஞனை ஓடிவர வைத்தேன். "நான்தான் அவங்க" என்று சொல்லி, அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். கன்னத்தில் குழிகூட வைத்துப் பார்த்தேன். படகில் கால் வைத்ததுமே கதை அவனுடையதாகிவிட்டது. பேருந்தில் ஜன்னலோர இடத்தையும் அவனே பிடித்துக்கொண்டான். இறக்கிவிட்டேன்.

பிறகு அவளையே இறக்கினேன். "நீங்க போங்க, நாங்க அடுத்த படகுல வர்றோம்." படகு போகிறது. துறையில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிடுகிறாள். நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே இதை அடிக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் இதுதான் முடிவு என்று இருந்தேன்.

வாசகரே, அந்த 'அவங்க' உண்மையில் நீங்கள்தா—

(வேண்டாம். மெத்தைக்காரருக்குக் கை வலிக்கிறது. இது சாமர்த்தியம் காட்டும் நேரமில்லை.)

7

டிக்கெட் அம்மாள் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெயிலில் மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார், வராத ஒருவரை எதிர்கொண்டு அழைத்து வர. அந்த முதுகைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மா! போகாதீங்க! யாரும் வரல. பின்னாடி யாருமே இல்ல. நான் மட்டுந்தான்!"

(சரியாக வருகிறதா என்று இந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.)

டிக்கெட் அம்மாள் மேட்டில் நின்று திரும்பினார்.

"அப்ப இந்த நாற்காலி?"

"அப்ப நான் இதக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னது?" என்றார் மெத்தைக்காரர்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் குலுங்கினார்கள். அவள் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"ஏம்மா, தனியா வந்தா என்ன, டிக்கெட் காசு கூடவா ஆகுது?" என்றார் படகோட்டி. "ஒருத்தின்னு சொன்னா ஒருத்திக்கு இடம். அவ்வளவுதானே?"

டிக்கெட் அம்மாள் இறங்கி வந்து நாற்காலியைப் படகின் முன்பக்கத்தில் நங்கென்று வைத்தார். "கொண்டு வந்தது கொண்டு வந்ததுதான். உக்காரு."

"வேண்டாங்க..."

"உக்காருன்னா உக்காரு. எனக்குக் கழுத்து வலிச்சதுக்கு யாராவது உக்காரணும்."

உட்கார்ந்தாள். கயிறு அவிழ்ந்தது.

"மலைக்கா போற? தைரியந்தான்" என்றார் மெத்தைக்காரர்.

"இல்லங்க. பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். கேட்காமலே இன்னொரு வாக்கியமும் வந்தது: "இருந்தாலும் போகணும்."

8

படகு தாமதமாகிவிட்டது. அக்கரை நெருங்கியபோது படகோட்டி கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"வெள்ளையா ஒண்ணு தெரியுது. பஸ்ஸா, சுவரான்னு தெரியல."

போன் அடித்தது.

"எங்கடி இருக்க?"

"படகுல. லேட்டாயிடுச்சுக்கா."

"பஸ் கிடைக்குமா?"

"தெரியல."

"கிடைக்கலன்னா?"



"அக்கா, லைன்லயே இரு" என்றாள். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, படகில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, பஸ் போயிருந்தா மலைக்குப் போக வேற என்ன வழி?"

பதிலை நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது, அந்த மலைக்கு நான் போனதில்லை. உங்களில் யாராவது போயிருப்பீர்கள், அல்லது அப்படி ஓர் ஊருக்கு எப்படியோ ஏறிச் சேர்ந்திருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக. எஞ்சின் இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டும்.