ஒரு கதவு அகலம்

என் நாத்தனாருக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததைவிட, ஒதுங்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. புருஷனின் அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தவள். நான் இஸ்திரி போடும் சலவைக்கூடத்திலேயே அவளுக்கும் ஒரு வேலை சொல்லிவைத்திருந்தேன். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சைக்கிளில் வரத் துணிந்தால் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் அந்தப் படுபாவி வீடுதான்.

"நிக்கிற கார்ல இருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போ. பின்னால எவன் ஹார்ன் அடிச்சாலும் ஒதுங்காத. கத்துறான்னா உன்னைப் பார்த்துட்டான்னு அர்த்தம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மண்டையை மண்டையை ஆட்டினாள்.

முதல் நாள் காலை அவள் முன்னால், நான் பின்னால். கடைத்தெருவில் ஒரு மினி லாரி என் முதுகில் ஏறிவிடுவதுபோல் வந்து ஹார்னை அலறவிட்டது. நான் அசையவில்லை. அவள் பயந்துபோய் சட்டென்று ஓரம் ஒதுங்கினாள். அங்கே நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது.

கதவு முனையில் தோள் மோதி அவள் ஒரு பக்கம் போய் விழுந்தாள், சைக்கிள் ஒரு பக்கம் போய் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. லாரிக்காரன் இறங்கி வந்து அவள் சைக்கிளை எட்டி உதைத்தான்.

"ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா? ஓரமா போய்த் தொலைய மாட்டீங்களா?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மூஞ்சியிலேயே ஓங்கி ஒரு போடு போட்டேன். மூக்கு உடைந்தது. அவன் என் கழுத்தைப் பிடித்து லாரியோடு சேர்த்து மோதினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழங்காலால் அவன் அடிவயிற்றில் ஒரு இடி இடித்தேன். சுருண்டு உட்கார்ந்தான்.

"மன்னிச்சிடுங்க சார். தப்பு என்னோடதுதான்."

என் நாத்தனார்தான். வாயெல்லாம் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்தபடி அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவன்மேல் இருந்த வெறி அப்படியே அவள் பக்கம் திரும்பியது. "சூடு சொரணை இருக்காடி உனக்கு?" என்று கையை ஓங்கிவிட்டேன்.

அவள் முழங்கையால் முகத்தை மறைத்து, தாடையை உள்ளே இழுத்து, அடிபட்ட தோளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அத்தனையும் பழகிய வேலை. எனக்கு உடம்பே கூசிப்போனது. ஆனாலும் ஓங்கிய கை இறங்க மறுத்தது.

அடி விழவில்லை என்றதும் அவள் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கையை எறக்குங்க அண்ணி. ஒரு வீட்ல வாங்கினது போதும்."

எழுந்தாள். ஒரு கையாலேயே சைக்கிளை நிமிர்த்தி, நடுத்தெருவில் சலவைக்கூடத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. அவள் ஒதுங்கவில்லை. என் சைக்கிளை எடுக்கக்கூடத் தோன்றாமல் நான் அவள் பின்னால் நடந்தேன்.