மூன்றாம் ஓலை

மீன் வெட்டும் அரிவாள்மனையைக் கூடத்தின் நடுவில் போட்டு, சாம்ராஜ் தன் தங்கையின் கேன்வாஸ் ஷூவை நறுக்கிக்கொண்டிருந்தான். அடிப்பாகம் லேசில் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அம்மா ஜெபமணி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ஷாலின் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே எத மாட்டிக்கினு ஓடுவ?” என்றான் சாம்ராஜ். “அடுத்தது காலுதான். சொல்லிட்டேன்.”

சும்மா மிரட்டுகிற ஆள் அல்ல அவன். தண்ணீர் லாரிக்காரன் ஒருவனின் விலா எலும்பை உடைத்துவிட்டு, அன்று சாயங்காலமே உட்கார்ந்து பரோட்டா தின்றவன்.

ஷாலின் செய்த குற்றம் இவ்வளவுதான். காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்த்தவள், நைட் ஷிப்டு முடிந்து சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலையோரம் ஓடிப் பழகினாள். மத்திய ரிசர்வ் போலீஸின் பெண்கள் படைக்கு ஆள் எடுத்தபோது ஆவடிக்குப் போய் ஓடினாள், தாண்டினாள், பரீட்சை எழுதினாள், தேறியும்விட்டாள். துப்பாக்கி தூக்குகிற வேலை. வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்த அன்றுதான் வீட்டில் பூகம்பம். அதே ரிசர்வ் போலீஸுக்கு இரண்டு தடவை போய், பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் சாம்ராஜ். கடிதத்தைச் சுக்குச் சுக்காகக் கிழித்தான். தன் வயிற்றெரிச்சலுக்குக் குடும்ப மானம் என்று பேர் வைத்தான். தெருவும் தலையாட்டியது.

விடியவிடிய கம்பெனியில் நின்று பெண் சம்பாதித்துக் கொடுத்தபோது போகாத மானம், அவள் பேண்ட் போட்டுக்கொண்டு ஓடியதும் போய்விட்டதாம். நல்ல மானம்.

போன மானத்தை மீட்க மாப்பிள்ளை பார்த்தார்கள். படப்பையில் ஜல்லி லாரி ஓட்டும் யாக்கோபு. இரண்டாம் தாரம். மூத்தவள் ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்றார்கள். எந்த ஸ்டவ், எப்படி வெடித்தது என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவன் ஷாலினின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “நல்லா உரமாத்தான் கீது. போகப் போக அடங்கிடும்,” என்றான். அப்பா சூசைராஜ் அதற்கும் சிரித்தார்.

ஆவடியில் சேர வேண்டியது திங்கட்கிழமை காலை. கல்யாணம் அதே வாரம் புதன்கிழமை. அதுவரை அவளை அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் அந்த வேதக்காரர் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறும் மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஒருவரும் சொன்னதில்லை. முதல் இரண்டு ஓலைக்கும் பெண் வீட்டில் இருக்கலாம். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு காலையில் அப்பனும் மகனும் அதற்குத்தான் மல்லுக்கு நின்றார்கள்.

“பூட்டு தொறக்க வேணாம்பா. ஜொரம்னு சொல்லிக்கலாம்.”

“மூணாம் ஓலைக்குப் பொண்ணு வரலன்னா ஊரு இன்னான்னு பேசும்? ஓடிப்பூட்டான்னு பேசும். பக்கத்துலயே உங்கம்மா இருப்பா. நீ வாசல்ல நில்லு.”

ஊர் வாய்க்குப் பயந்து பூட்டைத் திறந்தார்கள். ஷாலின் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நடந்தாள். பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு சாம்ராஜ் வந்தான்.

பூசை முடியும் நேரம். உபதேசியார் ஏசுவடியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதுவரை நூறு தடவை வாசித்த அதே குரலில் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று முடித்துக் காகிதத்தை மடிக்கப் போனார்.

“தடை கீது, சாமி.”

ஷாலின் எழுந்து நின்றாள். பயந்துதான் இருந்தாள்.

பங்குச்சாமியார் பீடத்திலிருந்து திரும்பினார். “உக்காரும்மா. பூசை முடியட்டும், அப்புறம் பேசலாம்.”

“அப்புறம்னா வூட்டுல பூட்டிடுவாங்க சாமி. இத்தினி நாளும் பூட்டித்தான் வெச்சிருந்தாங்க. எனக்கு இந்தக் கண்ணாலத்துல சம்மதம் இல்ல. யாரும் என்னக் கேக்கல. நீங்களும் கேக்கல.”

சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்ணை நேரில் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டு ஓலை எழுத வேண்டிய அன்று, அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சூசைராஜ் சொன்னதும், அவளைப் பார்க்காமலே எழுதிக்கொண்டவர் அவர்தான். சபை முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

“சம்மதம் இல்லன்னு வாயால சொன்னப்புறம் நான் இந்தக் கல்யாணத்த மந்திரிச்சு வைக்க முடியாது,” என்றார் மெதுவாக.

வாசலில் நின்ற சாம்ராஜ் நடுவழியே பாய்ந்து வந்தான். ஆண்கள் பக்கம் ஒருவரும் அசையவில்லை. அப்போது ஜெபமணி எழுந்து மகனுக்குக் குறுக்கே போய் நின்றாள். இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் வாய் திறக்காதவள்.

“என்னத் தாண்டிப் போ பாக்கலாம்,” என்றாள்.

ஷாலின் பக்கக் கதவு வழியாக வெறுங்காலோடு வெளியே போனாள். அன்று தன்னோடு வேலை பார்க்கும் தங்கமாரியின் ரூமில் தங்கினாள். கடிதம் இல்லாவிட்டாலும் பட்டியலில் பேர் இருந்ததால், திங்கட்கிழமை ஆவடியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜெபமணிக்கு இடது கை இப்போது சரியாக மடங்குவதில்லை. யாராவது கேட்டால், குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டது என்கிறாள். சூசைராஜும் அதையே சொல்கிறார்.

யாக்கோபுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மூன்றே மாதத்தில் அதே தெருவில் சந்திரலேகா என்று வேறொரு பெண் கிடைத்தாள். பத்தொன்பது வயது. ஊர்ப் பெரியவர்கள் கூடி யோசித்து, இனி அப்படி ஓர் அவமானம் நடக்கக் கூடாது என்று காலங்காலமாக வந்த வழக்கத்தையே மாற்றினார்கள். சந்திரலேகாவின் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டபோது கோயில் நிறைந்திருந்தது. தடை ஏதும் உண்டா என்று உபதேசியார் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. இப்போதெல்லாம் மூன்றாம் ஓலைக்குப் பெண்ணைக் கூட்டிவருவதில்லை.